21 நாள் பதக்கமும் ஓ.பி. சீட்டின் பின்பக்கமும்

நான் அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துகிறவன். 31 ஆண்டுகளாக அடுத்தவர் பிழையைப் பொறுக்கிக் கூலி வாங்குகிறேன். அதில் 29 ஆண்டுகள் சிகரெட்டும் கூடவே வந்தது. அதை விட்டு இப்போது ஏழு மாதம் ஆகிறது. விடுவதற்காக நான் பயன்படுத்திய மூன்றைப் பற்றித்தான் இந்த மதிப்புரை: காசு கட்டி வாங்கிய ஒரு கைப்பேசிச் செயலி, மருந்துக்கடையில் கிடைக்கும் நிக்கோட்டின் சூயிங்கம், ஓர் அரசு மருத்துவமனையில் இருக்கும் புகையிலை விடுப்பு மையம். செயலியின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வழக்குக்கு அலைய எனக்கு வயதில்லை. மருத்துவமனையின் பெயரையும் சொல்ல மாட்டேன். அங்கே வேலை செய்கிறவர்களுக்கு ஏற்கெனவே தலைக்கு மேல் வேலை.

விட வேண்டும் என்ற எண்ணத்தை எனக்கு எந்த டாக்டரும் தரவில்லை. ஒரு புரூப் தந்தது. போன ஆண்டு செவிலியர் மாணவிகளுக்கான வழிகாட்டி நூல் ஒன்று எங்களிடம் அச்சுக்கு வந்தது. அதில் ஒரு பாரம் முழுக்க, 16 பக்கம், மனிதர்கள் உடல்நலப் பழக்கங்களை எப்படி மாற்றிக்கொள்கிறார்கள், ஏன் மாற்றிக்கொள்வதில்லை என்ற கோட்பாடுகள். அந்த 16 பக்கத்தையும் மாடிப்படியில் உட்கார்ந்து, விரலிடுக்கில் சிகரெட்டை வைத்துக்கொண்டுதான் திருத்தினேன். பழக்கத்தை விடுவதில் உள்ள படிநிலைகளைச் சொல்லும் பக்கத்தில், ‘சிந்தனைக்கு முந்தைய நிலை’ என்று வர வேண்டிய இடத்தில் தட்டச்சு செய்த பெண் ‘நிந்தனைக்கு முந்தைய நிலை’ என்று அடித்திருந்தார். வீட்டில் என் மனைவி வாய் திறப்பதற்கு முந்தைய நிலையை அதைவிடச் சரியாகச் சொல்ல முடியாது. திருத்த மனமே வரவில்லை. திருத்தினேன்.

அதே பாரத்தில் இருந்த இன்னொரு செய்தி மனதில் தங்கிவிட்டது. 1950களில் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறை காசநோயைக் கண்டுபிடிக்க ஊர் ஊராக எக்ஸ்ரே வண்டி அனுப்பியது. காசு கிடையாது, தெருமுனைக்கே வரும். ஆனாலும் பலர் போகவில்லை. ஏன் என்று பார்க்கப் போன சமூக உளவியலாளர்களில் ஒருவர் காட்ஃப்ரே ஹாக்பாம். 1,200 பேருக்கு மேல் விசாரித்தார். ‘எனக்கும் இந்த நோய் வரலாம்’, ‘முன்கூட்டியே கண்டுபிடித்தால் பலன் உண்டு’ என்ற இரண்டையும் நம்பியவர்களில் 82 சதவீதம் பேர் தாமாகப் போய் எக்ஸ்ரே எடுத்திருந்தார்கள். இரண்டையும் நம்பாதவர்களில் 21 சதவீதம். உடல்நல நம்பிக்கை மாதிரி என்று பாடநூல்கள் சொல்லும் கோட்பாடு வளர்ந்தது இந்த வேலையிலிருந்துதான்.

அந்த 82-ஐப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டதாக நினைத்தேன். என்னிடம் குறைவது நம்பிக்கை. என் தாய்மாமா தொண்டைப் புற்றுநோயில் போனதைப் பார்த்தவன் நான். இருந்தும் ‘அவர் பீடி, நான் ஃபில்டர்’ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வந்திருக்கிறேன். ஆகவே பயத்தை யாராவது அழுத்தமாக ஊட்டினால் விட்டுவிடுவேன் என்று கணக்குப் போட்டேன். அன்று மாலையே கைப்பேசியில் ஒரு விளம்பரம் வந்து நின்றது: ‘உங்கள் ஆபத்தை அறிந்துகொள்ளுங்கள்.’ 12 வாரத்துக்கு 1,499 ரூபாய். கட்டினேன்.

முதலில் அதன் தமிழ். ‘நீங்கள் உங்கள் பயணத்தில் அற்புதமாக உள்ளீர்கள்’ என்றது, பஸ் நடத்துநர்கூடச் சொல்லாத வாக்கியம். விடும் நாளை ‘வெளியேறு தேதி’ என்றது. வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்களோ என்று ஒரு கணம் திகைத்தேன். ஒற்றுப் பிழைகளை முதல் வாரம் ஒரு தாளில் குறித்து வைத்தேன். 60-ஐத் தாண்டியதும் நிறுத்திக்கொண்டேன். சம்பளம் தராத புரூப்.

பிழையைப் பொறுத்துக்கொள்ளலாம். அதன் போக்கைத்தான் பொறுக்க முடியவில்லை. உள்ளே நுழைந்ததும் நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்று கேட்டு, ஐந்து படங்களில் ஒன்றைத் தொடச் சொன்னது. ‘அடுத்த மாதத்துக்குள் விட நினைக்கிறேன்’ என்பதைத் தொட்டேன். உடனே என்னை ‘ஆயத்த நிலை’ என்ற அறையில் பூட்டிவிட்டது. இரண்டு வாரம் படம் பார்க்க வேண்டும், கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும், பிறகுதான் அடுத்த கதவு திறக்கும். எனக்கோ மறுநாளே விட்டுப் பார்க்கலாம் என்று ஒரு வேகம் இருந்தது. அந்த வேகம் இரண்டு வாரத்தில் வடிந்துவிட்டது. இந்தப் படிநிலைகளை வகுத்த உளவியலாளர்கள் ப்ரோசாஸ்காவும் டிக்ளெமென்டியும் 1983-இல் 872 பேரிடம் பார்த்து எழுதிய ஆய்வு, மனிதர்கள் தாங்களாகவே எப்படிப் புகையை விடுகிறார்கள் என்பதைப் பற்றியது. செயலிக்காரர்கள் அதைப் பள்ளிக்கூட வகுப்பாக மாற்றி, நான் தேறினேனா என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். ராபர்ட் வெஸ்ட் என்ற ஆய்வாளர் 2005-இலேயே இந்தப் படிநிலை மாதிரியைக் கைவிட்டுவிடலாம் என்று எழுதினார். மக்கள் திட்டமே இல்லாமல், ஒரு சாயங்காலம் திடீரென்று விடுவதும் உண்டு என்பது அவர் வாதங்களில் ஒன்று. எங்கள் பைண்டிங் பிரிவில் ஒருவர் அப்படித்தான், பேத்தி முகத்தைத் திருப்பிக்கொண்ட அன்று விட்டார். அவருக்கு எந்த அறையும் பூட்டவில்லை.

பிறகு பயம் வந்தது. கறுத்த நுரையீரல், அறுத்த தொண்டை, ஆஸ்பத்திரிப் படுக்கை. பார்த்தேன், பயந்தேன், பயத்தில் கை சட்டைப் பைக்குப் போயிற்று. 29 ஆண்டுகளாக மனம் கலங்கினால் கை செய்யும் வேலை அதுதான். இரவு 10.40-க்கு ஒரு மணியோசை: ‘இப்போது ஏக்கமா? சமாளியுங்கள்!’ அதுவரை இல்லை. பாயில் படுத்து அரைத்தூக்கத்தில் இருந்தவனை எழுப்பி சிகரெட்டை நினைவுபடுத்திய ஒரே பொருள் இந்தச் செயலிதான். செயலுக்கு ஒரு தூண்டுகோல் வேண்டும் என்று கோட்பாடு சொல்கிறது. எந்தச் செயலுக்கு என்று அதை அனுப்புகிறவன் யோசிக்க வேண்டாமா?

இத்தனைக்கும் நடுவில் 19 நாள் விட்டேன். உண்மையிலேயே ஒன்றுகூடத் தொடவில்லை. திரையில் ஒரு வட்டத்துக்குள் 19 என்று பச்சையில் நின்றது. 21-ஆம் நாள் ஒரு பதக்கம், ‘பழக்கம் உருவாகிவிட்டது’ என்ற பட்டம். இந்த 21 எங்கிருந்து வந்தது என்பது வேடிக்கை. மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், மாற்றிய மூக்குக்கு நோயாளிகள் பழக 21 நாளாவது ஆகிறது என்று 1960-இல் எழுதினார். ‘ஆவது’ காலப்போக்கில் உதிர்ந்துவிட்டது. (ஒரு இடைச்சொல் விடுபட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு என் தொழிலில் இல்லை.) லண்டனில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரிடம் அளந்து 2010-இல் வெளியிட்ட கணக்கில், புதிய பழக்கம் ஒன்று தானாக ஓடுவதற்கு நடுக்கணக்காக 66 நாள் ஆனது, ஆளுக்கு ஆள் 18-இலிருந்து 254 வரை விரிந்தது. அதுவும் தண்ணீர் குடிப்பது, பழம் சாப்பிடுவது போன்ற சாதுவான பழக்கங்கள்.

இருபதாம் நாள் மாலை. நாள்காட்டி சீசன். நான்கு வண்ண வேலை ஒன்றில் தேதியே தவறாக அச்சாகிவிட்டது. புரூப்பில் கையெழுத்து என்னுடையது. முதலாளி ஒன்றும் சொல்லவில்லை; சொல்லியிருந்தால் தேவலை. படியிறங்கினேன். ஆப்பரேட்டர் தம்பி, ‘அண்ணே, ஒரே ஒரு இழுப்பு’ என்று நீட்டினான். இழுத்தேன். நேர்மையானவன் ஆயிற்றே, செயலியில் பதிந்தேன்.

பச்சை வட்டம் சாம்பல் நிறமானது. 19 மறைந்து 0 வந்தது. கீழே ஒரு வரி: ‘கவலை வேண்டாம்! நாள் 1-லிருந்து தொடங்குங்கள்!’

அந்த 0-வைப் பார்த்துக்கொண்டே கடைக்கு நடந்தேன். போனது போயிற்று, நாளைக்குத்தானே நாள் 1, இன்றைக்கு எத்தனை பிடித்தாலும் கணக்கு 0-தானே! முழுப் பெட்டி வாங்கினேன், இரவுக்குள் ஆறு. இந்த மனநிலைக்கும் பெயர் இருக்கிறது என்பது பிறகு தெரிந்தது. ஆலன் மார்லாட் என்ற உளவியலாளர் குடியை விட முயன்றவர்களிடம் இதைப் பார்த்து விவரித்தார்: ஒரு சறுக்கல் ஆளைக் கவிழ்ப்பதில்லை, ‘எல்லாம் போச்சு, நான் லாயக்கில்லாதவன்’ என்று அதற்கு அவன் தரும் பொருள்தான் கவிழ்க்கிறது. செயலிக்காரர்கள் அந்தப் பொருளை வண்ணத்தில் அச்சடித்து என் கையில் கொடுத்தார்கள்.

ஆனால் அந்தப் பெட்டி ஒரு நன்மை செய்தது. இத்தனை ஆண்டும் நான் பெட்டிக்கடையில் ஒவ்வொன்றாகவே வாங்கிப் பழகியவன். கடைக்காரர் உதிரியாக எடுத்து நீட்டுவார், கயிற்றில் தொங்கும் லைட்டரில் பற்ற வைப்பேன், பெட்டி அவர் பக்கமே இருக்கும். அட்டையில் 85 சதவீத இடத்தை அடைத்துக்கொண்டு எச்சரிக்கைப் படம் போட வேண்டும் என்று 2016-இலிருந்து சட்டம். அந்தப் படத்தை அன்றுதான் கையில் வைத்துப் பார்த்தேன். தினமும் 12 பிடிக்கிறவன்! உதிரியாக வாங்குகிறவனுக்கு எந்த எச்சரிக்கையும் போய்ச் சேர்வதில்லை. படத்துக்குக் கீழே ஒரு எண்: 1800-11-2356. தேசியப் புகையிலை விடுப்புத் தொலைபேசிச் சேவை. 2018-இலிருந்து எல்லாப் பெட்டியிலும் இருக்கிறதாம். அச்சுத் தொழிலில் இருக்கிற என் கண்ணில் படவில்லை.

மறுநாள் அழைத்தேன். காசு கிடையாது, தமிழில் பேசினார்கள். என் கதையைக் கேட்டுவிட்டு அந்தப் பெண் சொன்ன முதல் சொல், ‘19 நாள் இருந்திருக்கிறீர்களே, எப்படி இருந்தீர்கள்?’ பச்சை வட்டத்தோடு செத்துப்போன 19-ஐ ஒருவர் எடுத்துத் தூசி தட்டி என்னிடமே திருப்பிக் கொடுத்தது போல இருந்தது. பக்கத்து அரசு மருத்துவமனையில் நேரில் பார்க்க மையம் இருக்கிறதா என்று விசாரிக்கச் சொன்னதும் அவர்தான்.

மையத்தைப் பற்றிக் குறையை முதலில் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் இரண்டு நாள்தான். சீட்டு எடுக்க வரிசை, நெஞ்சு நோய்ப் பிரிவின் கடைசியில் ஒரு அறை, போகும் வழியில் அம்புக்குறி போட்ட பலகை தவறான பக்கம் காட்டுகிறது. அறையின் பெயர்ப்பலகையில் ஒரு ‘ப்’ இல்லை. பல நாள் சூயிங்கம் கையிருப்பு இல்லை, வெளியே வாங்கச் சொல்வார்கள். பக்கத்தில் இருமுகிறவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார வேண்டும். அந்த ஒரு மணி நேரம், செயலி காட்டிய அத்தனை படங்களையும்விட அதிகமாகப் பேசியது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆலோசகர் என் மகள் வயதுப் பெண். முதல் நாள் ஆறு கேள்விகள் கேட்டார். நிக்கோட்டினுக்கு ஒருவர் எவ்வளவு அடிமை என்று அளக்க, ஃபாகர்ஸ்ட்ரோம் என்பவர் பெயரில் உலகம் முழுக்கக் கேட்கப்படும் கேள்விகள். ‘காலையில் எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் சிகரெட், சார்?’ ‘டீ ஆறுவதற்குள், அம்மா.’ ‘டீ வருவதற்கு முன்னாலா, பின்னாலா?’ முன்னால்தான். எழுந்த ஐந்து நிமிடத்துக்குள் என்றால் அந்த ஒரு கேள்விக்கே 3 மதிப்பெண். மொத்தம் 10-க்கு 6 வாங்கினேன். இதில் குறைவாக வாங்குவதே தேர்ச்சி.

அடுத்து ஒரு சின்னக் கருவி. கைப்பேசியைவிடக் கொஞ்சம் தடிமன். புதிய அட்டைக் குழாயை உறையிலிருந்து பிரித்துச் செருகி என்னிடம் கொடுத்தார். மூச்சை இழுத்து அடக்க வேண்டும்; கருவி 15-இலிருந்து இறங்கு வரிசையில் எண்ணுகிறது; 7 வரும்போதே எனக்குக் காதில் இரைச்சல். பிறகு மெதுவாக, நெஞ்சு காலியாகும் வரை குழாயில் ஊத வேண்டும். திரையில் எண் ஏறுகிறது: 9, 14, 19, 24. அங்கே நின்றது. என் மூச்சில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு. புகைக்காதவர்களுக்கு ஒற்றை இலக்கத்தில் நிற்குமாம். அவர் என்னைப் பயமுறுத்தவில்லை. ‘இது ஒரு நாள் இரண்டு நாளிலேயே இறங்கிவிடும் சார், அடுத்த வாரம் பாருங்கள்’ என்று மட்டும் சொன்னார். அடுத்த வாரம் 3. உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் எழுதிய தன்திறன் நம்பிக்கை, அதாவது ‘என்னால் முடியும்’ என்ற எண்ணம், புகழ்ச்சியைவிடச் செய்துகாட்டிய அனுபவத்திலிருந்தே அதிகம் பிறக்கிறது என்று புரூப்பில் படித்திருக்கிறேன். அன்று அந்த 3-ஐப் பார்த்தபோது எனக்கு வயது 20 குறைந்த மாதிரி இருந்தது. பதக்கத்தைத் திரையில் வரையலாம். அந்த 3-ஐ நான்தான் ஊதிக் காட்ட வேண்டும்.

இனி முக்கியமானது. ஓ.பி. சீட்டைத் திருப்பிப் போட்டு, அதன் பின்பக்கத்தில் என் வீட்டுக்கு ஒரு கட்டம், அச்சகத்துக்கு ஒரு கட்டம் வரைந்தார். ‘நடுவில் எங்கெல்லாம் பற்ற வைக்கிறீர்கள்?’ நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகப் புள்ளி வைத்தார். டீக்கடை முனை, பெட்டிக்கடை, அச்சக மாடிப்படி, மதியம் வேப்பமரத்தடி. வரைந்து முடித்ததும் பார்த்தால் என் நாள் முழுவதும் நான்கே புள்ளிகளில் மாட்டியிருந்தது. ‘இந்தக் கடையைத் தொடாமல் அச்சகத்துக்குப் போக வேறு தெரு இருக்கிறதா?’ இருக்கிறது, பள்ளிவாசல் தெரு, நான்கு நிமிடம் அதிகம். ‘பிளேட் மாற்றும்போது எல்லோரும் படிக்குப் போவார்கள் என்றீர்களே, அந்த நேரம் நீங்கள் எங்கே போவீர்கள்?’ யோசித்தேன். பின்வாசலில் தண்ணீர்ப் பானை இருக்கிறது. ‘எழுதுங்கள்.’ என் கையால் எழுதச் சொன்னார். ‘மெஷின் நின்றால், பானைக்குப் போவேன், இரண்டு தம்ளர் குடிப்பேன்.’ ‘தம்பி நீட்டினால், கையில் புரூப் தாளையும் பேனாவையும் வைத்திருப்பேன், இரண்டு கையும் நிறைந்திருக்கும்.’

இதுதானா, இதற்காகவா ஒரு மணி நேரம் வரிசையில் நின்றேன் என்று அன்று தோன்றியது. வீட்டுக்கு வரும் வழியில்தான் புரூப்பில் திருத்திய இன்னொரு பத்தி நினைவுக்கு வந்தது. 1965-இல் ஹோவர்ட் லெவந்தால் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. யேல் பல்கலைக்கழக மாணவர்களிடம் டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லும் சிறுநூல்கள் கொடுத்தார்கள். சிலருக்குக் குலை நடுங்கும் படங்களோடு, சிலருக்குச் சாதாரணமாக. பயந்தவர்கள் ‘கட்டாயம் போட வேண்டும்’ என்று அதிகம் சொன்னார்கள். பயம் மட்டும் பெற்றவர்களில் போட்டுக்கொண்டது 3 சதவீதம். ஆனால் மருத்துவ நிலையத்தை வட்டமிட்ட வரைபடம் ஒன்றைக் கொடுத்து, எந்த நேரம் போவாய், எந்த வழியாகப் போவாய் என்று யோசிக்க வைத்தவர்களில் 28 சதவீதம் பேர் போனார்கள். அவர்கள் கடைசி ஆண்டு மாணவர்கள். நிலையம் எங்கே இருக்கிறது என்று முன்பே தெரிந்தவர்கள்தான். எனக்கும் பள்ளிவாசல் தெரு பிறந்ததிலிருந்து தெரியும்.

அந்த ஆலோசகர் லெவந்தாலைப் படித்திருப்பாரா என்று நான் கேட்கவில்லை. ‘இது நடந்தால் இதைச் செய்வேன்’ என்று எழுத வைப்பதைப் பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் தனிக் கோட்பாடாகவே வளர்த்திருக்கிறார். என் அனுபவத்தில் 1,499 ரூபாய்ச் செயலியில் இல்லாமல் போனது இந்த ஒரு தாள்தான். அது ‘ஏன் விட வேண்டும்’ என்பதை 12 வாரமும் சொல்லிக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியாமல் இருந்தது காலை 11.20-க்கு மெஷின் நிற்கும்போது எங்கே போய் நிற்பது என்பது.

சூயிங்கம் பற்றிச் சுருக்கமாக. முதல் முறை நானே வாங்கி, சின்ன வயதில் மென்றதைப் போல மென்று தள்ளினேன். விக்கல், நெஞ்செரிச்சல், தொண்டையில் மிளகாய். தூக்கிப் போட்டுவிட்டேன். மையத்தில்தான் முறை சொன்னார்கள். இரண்டு மூன்று கடி, காரம் ஏறியதும் நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையில் ஒதுக்கிவிட வேண்டும். காரம் அடங்கினால் மறுபடி இரண்டு கடி. அரை மணி நேரம் ஓடும். வாயில் இருக்கும்போதும் அதற்குக் கால் மணி நேரம் முன்பும் காபி, குளிர்பானம் கூடாது. குடித்தால் நிக்கோட்டின் வாயில் சரியாக இறங்காது. நீர்மூழ்கிக் கப்பலில் புகைக்க முடியாத ஸ்வீடன் மாலுமிகள் புகையிலையை மென்று சமாளித்ததைப் பார்த்துத்தான் 1967 வாக்கில் இந்த யோசனையே பிறந்ததாம். சுவை சொல்லும்படி இல்லை. மருந்துக்கு எதற்குச் சுவை? இரண்டரை மாதம் பயன்படுத்திக் குறைத்து நிறுத்தினேன். எத்தனை, எவ்வளவு நாள் என்பதை டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அட்டையைக் கொடுக்கும் கடைப் பையனிடம் வேண்டாம்.

மூன்றாம் மாதம் மறுபடி சறுக்கினேன். ஒரு துக்க வீடு. பந்தலுக்கு வெளியே ஆண்கள் கூட்டம், யாரோ பெட்டியை நீட்ட, மறுப்பது அந்த இடத்தில் அவமரியாதை போலத் தோன்றியது. ஒன்று முழுதாக. செவ்வாய்க்கிழமை மையத்தில் தலையைக் குனிந்துகொண்டு சொன்னேன். அவர் பேனாவை எடுத்தார். ‘எந்த இடத்தில் நின்றீர்கள்? பக்கத்தில் யார்? கையில் என்ன இருந்தது?’ கையில் ஒன்றும் இல்லை. சீட்டின் பின்பக்கத்தில் ஐந்தாவது புள்ளி விழுந்தது. ‘துக்க வீடு என்றால், பெண்கள் பக்கம் தண்ணீர் கொடுக்கும் வேலையை எடுத்துக்கொள்வேன்.’ ஊதிப் பார்த்தேன், 4. முந்தைய எண்ணிக்கையை யாரும் அழிக்கவில்லை. அதன் பிறகு இரண்டு துக்க வீடுகளுக்குப் போய்விட்டேன். ‘அண்ணாச்சி என்ன இவ்வளவு பொறுப்பாகிவிட்டார்’ என்று பேச்சு.

செயலிக்கு ஒரு நட்சத்திரம், அதுவும் சந்தாவை நிறுத்தும் பொத்தானை நான்கு திரைகளுக்குள் கண்டுபிடித்த என் பொறுமைக்கு. சூயிங்கத்துக்கு மூன்று. மையத்துக்கு நான்கரை, அரையைப் பிடித்துவைத்திருப்பது அந்த ‘ப்’புக்காக. போன முறை பலகையைச் சுட்டிக்காட்டினேன். ‘எழுதிக் கொடுங்கள் சார், மேலே அனுப்புகிறேன்’ என்றார். எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

போகிறவர்கள் 8 மணிக்கே சீட்டு எடுத்துவிடுங்கள். பலகை இடப்பக்கம் காட்டும், நீங்கள் வலப்பக்கம் திரும்புங்கள். அறைக்கு வெளியே ஏழு நாற்காலிகள். மின்விசிறிக் காற்று கடைசி இரண்டுக்குத்தான் வரும்.